21 கிலோமீட்டர் ஏன்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

டிசம்பரில் கோவை, ஜனவரியில் சென்னை, பிப்ரவரியில் ஆரோவில் என்று தமிழ்நாட்டின் பெரிய ஓட்டங்கள் எல்லாம் வெயில் தணிந்த மாதங்களில்தான் வருகின்றன. அதற்கான பயிற்சி ஆகஸ்ட், செப்டம்பரிலேயே தொடங்கிவிட வேண்டும். எந்தத் தூரத்துக்குப் பெயர் கொடுப்பது, எப்படித் தயாராவது என்று வந்த கடிதங்களில் பொதுவானவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இரண்டு வருடமாக 10 கி.மீ. ஓடுகிறேன். 62 நிமிடத்தில் முடிப்பேன். கூட ஓடுகிறவர்கள் நேராக 42 கி.மீ. ஃபுல் மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டார்கள். நான் ஹாஃப் என்று சொல்லத் தயங்கிக்கொண்டிருக்கிறேன். எது சரி?
– வங்கி ஊழியர், மதுரை

தயங்காமல் ஹாஃபுக்கே, அதாவது 21 கி.மீ. அரை மாரத்தானுக்கே, பெயர் கொடுங்கள். அதற்கான முதல் காரணம் உடம்பின் எரிபொருள் கணக்கு.

ஓடும்போது ஒரு கிலோ உடல் எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறத்தாழ 1 கலோரி செலவாகிறது. 70 கிலோ எடையுள்ளவருக்கு அரை மாரத்தானில் சுமார் 1,480 கலோரியும் முழு மாரத்தானில் சுமார் 2,950 கலோரியும் ஆகும். தசையிலும் கல்லீரலிலும் நாம் சேமித்து வைத்திருக்கும் கிளைகோஜன் என்னும் சர்க்கரை இருப்பு ஏறத்தாழ 400 முதல் 500 கிராம். அதாவது 1,600 முதல் 2,000 கலோரி. கொழுப்பும் கூடவே எரியும் என்றாலும் அதிலிருந்து சக்தி மெதுவாகத்தான் கிடைக்கும். ஆகவே அரை மாரத்தான் நம் கையிருப்புக்குள் அடங்கிவிடுகிற தூரம். முழு மாரத்தான் அப்படி அடங்காது. 30 கிலோமீட்டரைத் தாண்டியதும் பலருக்குக் கால் கல்லாகிப்போவதற்கும், அதுவரை ஓடியவர் திடீரென்று நடக்க ஆரம்பிப்பதற்கும் முக்கியக் காரணம் இந்தக் கையிருப்பு தீர்வதுதான். அதைச் சமாளிக்க ஓடிக்கொண்டே சாப்பிடவும் குடிக்கவும் வயிற்றைப் பழக்க வேண்டும். அது தனி வித்தை, கற்றுக்கொள்ளப் பல மாதம் ஆகும்.

இரண்டாவது, நேரம். ஹாஃபுக்கு உங்கள் மிக நீண்ட பயிற்சி ஓட்டம் 16 முதல் 18 கி.மீ. கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம் என்று நிதானமாகப் போனாலும் இரண்டு, இரண்டேகால் மணி நேரத்தில் முடியும். விடிகாலை ஐந்துக்குக் கிளம்பினால் ஏழேகாலுக்கு வீட்டில் இருக்கலாம். ஃபுல்லுக்கு 30, 32 கி.மீ. ஓட வேண்டிய வாரங்கள் வரும். அதே வேகத்தில் நான்கு மணி நேரம், அதாவது ஒன்பது மணி மதுரை வெயில் வரை. ஒன்றிரண்டு ஞாயிறு என்றால் பொறுத்துக்கொள்ளலாம். மூன்று, நான்கு மாதம் அப்படிப் போனால் தூக்கமும் குடும்பமும் வேலையும் அடிவாங்கும். பலர் பயிற்சியைப் பாதியில் விடுவதும், போதிய தூரம் ஓடாமலே போட்டியில் போய் நிற்பதும் இதனால்தான்.

மூன்றாவது, மீண்டு வருவது. முழு மாரத்தானுக்குப் பிறகு கால் பழைய நிலைக்கு வர மூன்று, நான்கு வாரம் பிடிக்கும். ஹாஃப் என்றால் பத்துப் பதினைந்து நாள் போதும். அதனால் ஒரே பருவத்தில் இரண்டு ஹாஃப் ஓடலாம். முதலாவதில் தெரிந்த குறையை அடுத்ததிலேயே சரிசெய்து பார்க்கலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. எங்களுக்கு அதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிதாகப் படுகிறது. அரை மாரத்தான் வேகம் என்பது, ஒருவர் முழு முயற்சியோடு ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வேகத்துக்குச் சற்றே கீழே இருப்பது. அந்த வேகத்துக்காகப் பயிற்சி செய்யும்போது வேகம், தாங்குதிறன் இரண்டும் சேர்ந்து வளரும். உங்கள் 62 நிமிடம் தானாகவே குறையும். பின்னாளில் ஃபுல் ஓட ஆசை வந்தால் அதற்கு அஸ்திவாரமும் தயாராக இருக்கும். இரண்டு மூன்று ஹாஃப் நல்லபடியாக முடித்துவிட்டு, இன்னும் ஓட வேண்டும் என்று தோன்றினால் அப்போது ஃபுல்லுக்குப் போகலாம். 5 கி.மீ. தொடர்ந்து ஓட முடியாதவர்கள் ஹாஃபுக்கும் அவசரப்பட வேண்டாம்; முதலில் 10 கி.மீ. முடிக்கட்டும்.

‘பாதி’ என்ற சொல்லே ஒரு மாதிரி இருக்கிறது. இதைத் தனிப் போட்டியாக யாராவது மதிக்கிறார்களா?
– கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

நன்றாகவே மதிக்கிறார்கள். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்ட 42.195 கி.மீ.தான் பிறகு மாரத்தானின் தூரமாக நிலைத்தது. அதில் சரிபாதி 21.0975 கி.மீ. இந்தத் தூரத்துக்கென்றே 1992-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் உலக சாம்பியன்ஷிப் தொடங்கியது. எத்தியோப்பியாவின் லெடெசென்பெட் கிடே 2021-ல் வாலென்சியாவில் இதை 1 மணி 2 நிமிடம் 52 விநாடியில் ஓடிப் பெண்களுக்கான உலக சாதனை படைத்தார். சராசரியாக ஒரு கிலோமீட்டரை மூன்று நிமிடத்துக்குள் கடந்த வேகம் அது. உங்கள் கல்லூரி மைதானத்தில் ஒரே ஒரு கிலோமீட்டரை அந்த வேகத்தில் ஓடிப் பாருங்கள், இந்தத் தூரத்தின் மேல் மரியாதை வந்துவிடும்.

வேலைக்கும் போகிறேன், வீட்டில் இரண்டு பிள்ளைகள். வாரம் மூன்று நாள்தான் ஓட முடியும். 21 கி.மீ.க்கு அது போதுமா?
– பனியன் நிறுவன ஊழியர், திருப்பூர்

போதும். ஆனால் மூன்று நாளுக்கும் தனித்தனி வேலை இருக்க வேண்டும். மூன்று நாளும் ஒரே தூரம், ஒரே வேகம் என்று ஓடினால் எட்டாவது வாரத்தில் முன்னேற்றம் நின்றுவிடும்.

இப்போது 6 கி.மீ. நிற்காமல் ஓடுவீர்கள் என்று வைத்துக்கொண்டு 14 வாரக் கணக்கு தருகிறோம். செவ்வாய், வியாழன், ஞாயிறு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய் நிதான ஓட்டம்: 5 கி.மீ.யில் தொடங்கி மெல்ல 8 கி.மீ. வரை.

வியாழன் வேக ஓட்டம். முதல் நான்கு வாரம் வேகம் வேண்டாம், 5 கி.மீ. நிதானமாக ஓடிவிட்டுக் கடைசியில் 20 விநாடி விரைவு ஓட்டம் ஆறு முறை, இடையில் ஒரு நிமிடம் நடை. ஐந்தாவது வாரம் முதல் எட்டாவது வாரம் வரை, பத்து நிமிடம் உடம்பைச் சூடேற்றிக்கொண்டு, ‘கஷ்டம்தான், ஆனால் தாங்கலாம்’ என்கிற வேகத்தில் 6 நிமிடம் மூன்று முறை, நடுவே 2 நிமிட நடை. ஒன்பது, பத்தாவது வாரங்களில் 12 நிமிடம் இரண்டு முறை. பதினொன்றிலும் பன்னிரண்டிலும் அதே வேகத்தில் இடைவெளி இல்லாமல் 20 முதல் 25 நிமிடம். பதின்மூன்றாவது வாரம் மறுபடியும் 6 நிமிடம் மூன்று முறைக்குத் திரும்புங்கள்.

ஞாயிறு நீண்ட ஓட்டம். வாரவாரியாக: 8, 9, 10, 8, 11, 12, 13, 10, 14, 16, 12, 18, 11 கி.மீ., பதினான்காவது ஞாயிறு போட்டி. நடுநடுவே தூரம் இறங்குவதைக் கவனியுங்கள். எலும்பும் தசைநாரும் பலப்படுவது அந்த இறங்கு வாரங்களில்தான். ‘இந்த வாரம் நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று அதைத் தாண்டிப் போகிறவர்களுக்குத்தான் பத்தாவது, பதினோராவது வாரத்தில் காலில் ஏதாவது வந்து சேர்கிறது.

18 கி.மீ.யோடு ஏன் நிறுத்துகிறோம், போட்டிக்கு முன் ஒருமுறை முழுத் தூரமும் ஓடிப் பார்க்கக் கூடாதா என்று பலர் கேட்கிறார்கள். தேவையில்லை. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் நீளும் பயிற்சியில் கூடுதலாகக் கிடைக்கும் லாபம் சிறிது, காயத்துக்கான வாய்ப்பு பெரிது. கடைசி இரண்டு வாரம் தூரத்தைக் குறைப்பதால் போட்டியன்று கால் ஓய்ந்து, புதிதாக இருக்கும். மிச்சம் மூன்று கிலோமீட்டரை அந்தக் காலும் வழியில் நிற்கும் கூட்டமும் பார்த்துக்கொள்ளும்.

ஓடாத நாட்களில் இரண்டில் கால் மணி நேரம் வலுப்பயிற்சி செய்யுங்கள். மாடிப்படி விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலை மெல்ல ஏற்றி இறக்குவது 12 முறை, மூன்று சுற்று. முதலில் இரண்டு காலிலும், மூன்று வாரம் கழித்து ஒற்றைக் காலில். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது 15 முறை, மூன்று சுற்று. நாற்காலியிலிருந்து கைதாங்காமல் எழுந்து உட்காருவது 12 முறை, மூன்று சுற்று. கருவி எதுவும் வேண்டாம்.

பிள்ளைக்குக் காய்ச்சல், ஷிப்டு மாறியது என்று ஓட்டம் தவறினால் தவறியதுதான்; அதை மறுநாளில் சேர்த்து ஓடாதீர்கள். வார நாள் ஓட்டம் இரண்டுமே போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை அட்டவணையில் 16 என்று இருந்தாலும் 10 அல்லது 11-ல் நிறுத்துங்கள். அடுத்த வாரம் அந்த 16-ஐ ஓடிக்கொள்ளலாம்.

எல்லோரும் ‘மெதுவாக ஓடு’ என்கிறார்கள். மெதுவாக ஓடிக்கொண்டிருந்தால் வேகம் எப்படி வரும்? என் கைக்கடிகாரமோ மெதுவாக ஓடும்போதே இதயத்துடிப்பு அதிகம் என்று எச்சரிக்கிறது.
– மென்பொருள் பணியாளர், சென்னை

நீண்ட ஓட்டத்தில் வேலை செய்கிற தசை இழைகளுக்கு ரத்தக் குழாய்கள் நெருக்கமாகப் படரவும், செல்லுக்குள் ஆக்சிஜனைக் கொண்டு எரிபொருளைச் சக்தியாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகவும், நிதானமான வேகத்தில் பல மணி நேரம் ஓடியாக வேண்டும். வேகமாக ஓடினால் அந்த மணி நேரங்களைச் சேர்க்க முடியாது, அதற்குள் களைத்துவிடுவோம். புதியவர்களிடம் நாங்கள் அடிக்கடி காண்கிற தப்பு, எல்லா நாளும் நடுத்தர வேகத்தில் ஓடுவது. நிதான ஓட்டம் என்று சொல்ல முடியாத அளவுக்குக் களைப்பு. வேக ஓட்டம் என்று சொல்ல முடியாத அளவுக்குத் தாமதம். அப்படி ஓடுகிறவர் வியாழக்கிழமை உண்மையாகவே வேகமாக ஓட வேண்டியபோது காலில் தெம்பில்லாமல் நிற்பார்.

வேகத்தை அளக்க எளிய வழி பேச்சு. ஓடிக்கொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? அதுவே நிதான வேகம். மூன்று சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் கூடுதல். எண்ணாகச் சொன்னால், உங்கள் 10 கி.மீ. போட்டி வேகத்தைவிடக் கிலோமீட்டருக்கு 60 முதல் 90 விநாடி தாமதம். போட்டியில் ஆறு நிமிடம் என்றால் பயிற்சியில் ஏழு, ஏழரை.

கடிகாரம் காட்டும் இதயத்துடிப்பு மண்டலங்கள் பெரும்பாலும் 220-லிருந்து வயதைக் கழித்து அதிகபட்சத் துடிப்பைக் கணிக்கும் கணக்கில் போடப்பட்டவை. அது சராசரிதான், தனி ஒருவருக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்பு கூடக் குறைய இருப்பது சாதாரணம். மணிக்கட்டில் அளக்கும் கருவி சில சமயம் துடிப்பை விட்டுவிட்டுக் காலடியை எண்ணிவிடும். பட்டை தளர்வாக இருந்தால் இது அதிகம். சென்னையில் இன்னொன்றும் சேர்கிறது. கடற்கரைக் காற்றில் ஈரப்பதம் மிகுந்திருப்பதால் வியர்வை உலராமல் சொட்டிப் போகிறது. உலர்ந்தால்தான் அது உடலைக் குளிர்விக்கும். குளிர்விக்க வழியில்லாத உடம்பு ரத்தத்தைத் தோலுக்கு அனுப்ப, தசைக்கும் தோலுக்கும் சேர்த்து இதயம் அடிக்கிறது. அதே வேகம், ஜனவரியில் 145 துடிப்பு, மே மாதத்தில் 160 என்று காட்டுவது இதனால்தான். புழுக்கமான நாளில் வேகத்தைக் கடிகாரத்தில் பார்க்காதீர்கள், மூச்சைக் கேளுங்கள். ஐந்து நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடப்பதும் நல்ல பயிற்சியே.

12 கி.மீ.க்கு மேல் போனால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. தண்ணீர், இளநீர், உப்புக் கரைசல் என்று ஒவ்வொருவரும் ஒன்று சொல்கிறார்கள். எதை, எவ்வளவு குடிப்பது?
– ஆசிரியர், தூத்துக்குடி

முதலில் உங்கள் வியர்வையை அளந்துகொள்ளுங்கள். ஓடுவதற்கு முன் சிறுநீர் கழித்துவிட்டு, மிகக் குறைந்த ஆடையில் எடை பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடுங்கள். குடித்த அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து உடம்பைத் துடைத்துவிட்டு மறுபடியும் எடை பாருங்கள். 64.2 கிலோ 63.0 ஆகி, நடுவில் 300 மி.லி. குடித்திருந்தால், இழந்தது ஒன்றரை லிட்டர். தூத்துக்குடிக் காற்றில் இந்த அளவு ஆச்சரியமில்லை.

அவ்வளவையும் ஓடும்போதே ஈடுகட்ட முயலாதீர்கள், வயிறு ஏற்காது. தாகத்தை ஒட்டி, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை 120 முதல் 180 மி.லி. என்று சிறு சிறு மடக்காகக் குடிப்பது பெரும்பாலானவர்களுக்குச் சரியாக வரும். ஓடி முடித்தபின் எடை கூடியிருந்தால் அது ஆபத்தின் அடையாளம். மூன்று மணி நேரம் மெதுவாக ஓடுகிறவர்கள் ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் இரண்டு கோப்பை வெறும் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். விரல் வீக்கம், தலைவலி, வாந்தி, குழப்பம் என்று வந்து உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஓட்டத்துக்குத் தண்ணீரே போதும். அதற்கு மேல் போனால் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் அச்சிட்ட அளவு தண்ணீரில் கரைத்துக் கொண்டுபோங்கள். பாதித் தண்ணீரில் கரைத்தால் வயிறு புரட்டும். கடையில் விற்கும் குளுக்கோஸ் பொடி ஓ.ஆர்.எஸ். ஆகாது, அதில் போதிய உப்பு இல்லை. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் நாம் முக்கியமாக இழப்பது சோடியம். ஆகவே இளநீரை ஓட்டம் முடிந்தபின் குடியுங்கள். உப்புப் போட்ட மோரும் அப்படித்தான்.

ஆனால் கெண்டைக்கால் பிடிப்பை உப்பு மட்டுமே தீர்த்துவிடாது. 12 கி.மீ.க்குப் பிறகே வருகிறது என்றால் தசை தன் பழக்கத்துக்கு மீறி உழைத்துக் களைத்திருக்கிறது என்று பொருள். தூரத்தை வாரம் ஒரு கிலோமீட்டராக ஏற்றுங்கள், முதல் பாதியை இன்னும் மெதுவாக ஓடுங்கள், திருப்பூர் வாசகிக்குச் சொன்ன குதிகால் ஏற்ற இறக்கத்தை விடாமல் செய்யுங்கள். பிடித்துவிட்டால் நின்று, முழங்காலை நீட்டி, முன்பாதத்தை உங்களை நோக்கி இழுத்து அரை நிமிடம் வையுங்கள்.

போட்டிக்கு முன்னும் ஓடும்போதும் என்ன சாப்பிடலாம்? கடலை மிட்டாய் நல்லதா?
– வாசகர், கோவில்பட்டி

உங்கள் ஊர்க் கடலை மிட்டாயை ஓடி முடித்தபின் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஓடும்போது வேண்டாம். கடலையில் உள்ள கொழுப்பும் புரதமும் செரிக்க நேரமாகும். மூச்சிரைக்கும்போது மென்று விழுங்குவதும் கஷ்டம்.

75 நிமிடத்துக்கு மேல் போகும் ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து போதும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் இருக்கும். ஓட்டக்காரர்களுக்கென்று விற்கும் சர்க்கரைக் கூழான ஜெல் பொட்டலம் ஒன்றிலும் பெரும்பாலும் அதே அளவு. அதை வெறும் தண்ணீரோடு விழுங்குங்கள், சர்க்கரைக் கரைசலோடு சேர்த்தால் வயிறு கலங்கும். போட்டி ஐந்து மணிக்கு என்றால் மூன்று மணிக்கு எழுந்து இரண்டு இட்லி அல்லது இரண்டு வாழைப்பழம், பழக்கமிருந்தால் கொஞ்சம் காபி. முந்தைய இரவு ரசம் சாதம், தயிர் சாதம் போன்று வயிற்றுக்குப் பழகியது. சுண்டல், பிரியாணி, எண்ணெயில் பொரித்தது எல்லாம் அன்றைக்கு வேண்டாம். போட்டியன்று எதையும் முதல்முறையாகச் சாப்பிட்டுப் பார்க்காதீர்கள்; பயிற்சி ஞாயிறுகளில் மூன்று முறையாவது அதே உணவை, அதே நேரத்தில் சாப்பிட்டு ஓடிப் பார்த்திருக்க வேண்டும்.

முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பை ஒட்டி வலிக்கிறது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுகிறேன். தொடரலாமா?
– அஞ்சல் ஊழியர், திருச்சி

மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். டைக்ளோஃபினாக், இபுபுரோஃபென் போன்றவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கக்கூடியவை. வியர்த்து நீர் வற்றிய உடம்பில், வெயிலில், இவை சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யலாம். தவிர, நிற்கச் சொல்லும் வலியை அவை மறைத்துவிடுகின்றன.

எலும்பின் உள்பக்க விளிம்பில் விரலால் மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வாருங்கள். ஓர் உள்ளங்கை நீளத்துக்குப் பரவலாக வலித்து, ஓட ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் வலி குறைந்தால், அது பெரும்பாலும் எலும்பை ஒட்டிய திசுவின் வீக்கம். இரண்டு வாரம் தூரத்தைப் பாதியாக்குங்கள், வேக ஓட்டத்தை விடுங்கள், சிமென்ட் பாதையை விட்டுப் பள்ளி மைதான மண்ணுக்கு மாறுங்கள். சாலையின் ஒரே ஓரத்தில் ஓடும் பழக்கம் இருந்தால் அதையும் மாற்றுங்கள்; மழைநீர் வடிவதற்காகச் சாலை ஓரம் சரிந்திருக்கும், ஒரு கால் எப்போதும் தாழ்வில் விழும்.

ஒரே ஒரு விரல் நுனியால் மூடக்கூடிய இடத்தில் சுரீரென்று வலித்தால், ஓட ஓட வலி ஏறினால், இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால், அந்தக் காலில் மட்டும் நின்று குதிக்க முடியாமல் போனால், எலும்பில் மயிரிழை விரிசலாக இருக்கலாம். ஓட்டத்தை முழுக்க நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமல் போவது உண்டு. எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்பதற்காக மறுபடியும் ஓட வேண்டாம். தேவையென்றால் மருத்துவர் எம்.ஆர்.ஐ. எழுதித் தருவார். ஓடும் பெண்களில் மாதவிடாய் ஒழுங்கு தவறியவர்களுக்கும், ஓடும் அளவுக்குச் சாப்பிடாதவர்களுக்கும் இந்த விரிசல் எளிதில் வரும். அவர்கள் தாமதிக்கவே கூடாது.

வயது 52. எட்டு வருடமாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின், கிளைமெபிரைடு சாப்பிடுகிறேன். தினமும் 5 கி.மீ. நடக்கிறேன். அரை மாரத்தான் ஓட ஆசைப்படலாமா?
– மளிகைக் கடைக்காரர், சேலம்

தாராளமாக ஆசைப்படலாம். 14 வாரத்தை விட்டுவிட்டு 24 வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். தொடங்கும் முன் மருத்துவரிடம் உங்கள் திட்டத்தைச் சொல்லி இதயம், கண்ணின் விழித்திரை, பாதத்தின் உணர்ச்சி மூன்றையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் இரண்டு மாத்திரைகளில் மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு ஓடும்போது சர்க்கரை ஆபத்தாகத் தாழ்வது அபூர்வம். கிளைமெபிரைடு அப்படியில்லை, அது இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும், ஓட்டமும் சர்க்கரையை இழுக்கும். நீண்ட ஓட்டத்தன்று அளவை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். ஓடும் முன் சோதித்துப் பாருங்கள். 100-க்குக் கீழே இருந்தால் 15 முதல் 20 கிராம் மாவுச்சத்து, அதாவது ஒரு சிறு வாழைப்பழம், சாப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள். 250-க்கு மேல் இருந்து உடம்பும் சரியில்லை என்றால் அன்று ஓட வேண்டாம். பையில் சர்க்கரையும் கூட ஓடுபவருக்கு உங்கள் நோய் பற்றிய தகவலும் எப்போதும் இருக்கட்டும். கை நடுக்கம், திடீர் வியர்வை, கண் இருட்டு வந்தால் உடனே நின்று சர்க்கரையை வாயில் போடுங்கள். நீண்ட ஓட்டம் ஓடிய அன்று இரவிலும் சர்க்கரை தாழலாம், படுக்கும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் காலுறையைக் கழற்றி, விரலிடுக்கு, குதிகால், பாதத்தின் அடி மூன்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணாடியைத் தரையில் வைத்தால் அடிப்பாதம் தெரியும். சிறு கொப்புளம் என்றாலும் ஆறும்வரை ஓட வேண்டாம். நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி என்றால் உடனே 108.

பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள, கார்பன் தகடு வைத்த ஷூ வாங்கினால்தான் நேரம் குறையுமா?
– வாசகர், ஈரோடு

முதல் ஹாஃபுக்குத் தேவையில்லை. காலுக்குப் பொருந்துகிற சாதாரண ஓட்டக் காலணி போதும். பகலெல்லாம் நடந்து பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலையில் வாங்குங்கள். நிற்கும்போது நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 15 கி.மீ.க்கு மேல் நகம் கறுக்கும். 500 முதல் 800 கி.மீ. வரை உழைக்கும். போட்டிக்கென்று புதிது வாங்கினால் குறைந்தது இரண்டு நீண்ட ஓட்டத்திலாவது போட்டுப் பழக்குங்கள். பருத்திக் காலுறையும் பருத்திப் பனியனும் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு தோலை உரிக்கும். தொடை, அக்குள், மார்புக் காம்பு ஆகிய இடங்களில் வாசலின் தடவுங்கள்.

10 கி.மீ.யை 58 நிமிடத்தில் ஓடுகிறேன். கோவையில் முதல் ஹாஃப். என்ன நேரத்தை இலக்காக வைப்பது? எப்படிப் பிரித்து ஓடுவது?
– வாசகி, பொள்ளாச்சி

10 கி.மீ. நேரத்தை 2.2-ஆல் பெருக்கினால் நல்ல பயிற்சி உள்ளவரின் ஹாஃப் நேரம் ஏறத்தாழ வரும்: உங்களுக்கு 2 மணி 8 நிமிடம். முதல் முறை என்பதால் 2.3-ஆல் பெருக்குங்கள்: 2 மணி 13 நிமிடம். ஆகவே 2:15-ஐ இலக்காக வையுங்கள். கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 24 விநாடி.

ஒரு நுணுக்கம். பந்தயப் பாதையை வளைவுகளின் உள்விளிம்பை ஒட்டி, மிகக் குறுகிய கோட்டில் அளப்பார்கள். கூட்டத்தில் அந்தக் கோட்டில் யாராலும் ஓட முடியாது, ஜி.பி.எஸ்.ஸிலும் சிறு பிழை உண்டு. முடிவுக்கோட்டில் உங்கள் கடிகாரம் 21.3 கி.மீ. என்று காட்டினால் பாதை தவறு என்று நினைக்காதீர்கள். அந்த 200 மீட்டரையும் கணக்கில் சேர்த்துக் கடிகாரத்தில் 6:20 என்று ஓடினால்தான் 2:15-க்குள் முடிக்க முடியும்.

முதல் மூன்று கிலோமீட்டரை 6:35 வேகத்தில் ஓடுங்கள். பின்னாலிருந்து எல்லோரும் தாண்டிப் போவார்கள், போகட்டும். அங்கே கிலோமீட்டருக்கு 20 விநாடி வேகமாகப் போகிறவர், 17-க்குப் பிறகு கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் வீதம் இழப்பது சர்வசாதாரணம். நான்கிலிருந்து பதினாறு வரை 6:20-லேயே நில்லுங்கள். 45-ஆவது நிமிடத்திலும் 85-ஆவது நிமிடத்திலும் சாப்பிடுங்கள். பசிக்கும்வரை காத்திருந்தால் தாமதமாகிவிடும். பதினாறில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: நான்கு சொல் பேச முடிகிறதா? முடிந்தால் அங்கிருந்து 6:10. முடியாவிட்டால் அதே வேகத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீர்ப் பந்தல்களில் மட்டும் பத்தடி நடந்து, நன்றாகக் குடித்துவிட்டுத் தொடருங்கள்.

ஓடி முடித்த எத்தனை நாளில் மறுபடி ஓடலாம்? டிசம்பரில் கோவை முடித்துவிட்டு ஜனவரியில் சென்னையும் ஓட நினைக்கிறேன்.
– வாசகர், கரூர்

முடிவுக்கோட்டைத் தாண்டியதும் உட்கார்ந்துவிடாமல் பத்து நிமிடம் நடங்கள். ஒரு மணி நேரத்துக்குள் பொங்கல், முட்டை, வாழைப்பழம் என்று மாவுச்சத்தும் புரதமும் சேர்த்துச் சாப்பிடுங்கள். மூன்று நாள் நடை மட்டும். நான்காம் அல்லது ஐந்தாம் நாள் 4 கி.மீ. நிதானமாக. அடுத்த ஞாயிறு 8 கி.மீ. மாடிப்படி இறங்கும்போது முன்தொடையில் வலி இருக்கும்வரை வேக ஓட்டம் கூடாது. பெரும்பாலானவர்களுக்கு அது ஒரு வாரத்துக்குள் போய்விடும்.

இரண்டு போட்டிக்கும் இடையே நான்கு வாரமாவது இருந்தால் இரண்டையும் ஓடலாம், ஆனால் ஒன்றை மட்டும் முழு வேகத்தில் ஓடுங்கள். கோவையில் நேரம் குறிவைத்தால் நடுவில் ஒரே ஒரு 14 கி.மீ. ஓட்டம் போதும்; சென்னையைப் பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் முடியுங்கள். சென்னையில் ஈரப்பதம் கூடுதல் என்பதால், நேரத்துக்குக் கோவையையே தேர்ந்தெடுப்பது நல்லது.